டைரி எழுதலாமா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்துப் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து எழுதுவோம். பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்தவர்கள். கதை, கவிதை வகுப்பு என்று நினைத்து வந்து ஏமாந்தவர்களும் உண்டு. மனசில் கிடப்பதைத் தாளில் இறக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். நான் மனநல மருத்துவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் தோட்ட ஆபீஸில் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்தவள். புதிதாக வருபவர்கள் கேட்டதையே கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்கிறேன் என்று ஒரு தங்கச்சி குறைப்பட்டாள். சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

டைரி என்றால், காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன் என்று எழுதுவதுதானே?

அது செக்ரோல். தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: விடியற்காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், என்ன வேலை, முழு நாளா அரை நாளா, எவ்வளவு சம்பளம் என்று ஆபீஸில் எழுதி வைக்கும் பெரிய பேரேடு. வருஷக்கணக்காக அதை எழுதியிருக்கிறேன். ஓர் ஆள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை என்பது அதில் இருக்கும். அந்த மூன்று நாளும் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

நான் சொல்லும் எழுத்து அந்தக் கட்டம் இல்லாத பகுதி. நடந்தது ஒரு வரி போதும். அது உங்களை என்ன செய்தது என்பதுதான் மிச்சமெல்லாம்.

அம்மா இறந்த பிறகு அலமாரியை ஒழித்தபோது ஒரு 555 புத்தகம் கிடைத்தது. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுத எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். மலாயில் பூக்கு தீகா லீமா என்பார்கள். முன்பக்கமிருந்து கடைக்காரர் கையெழுத்து: அரிசி, மீன் டின், மைலோ, பாக்கி. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கமிருந்து பென்சிலில் அம்மா எழுதியிருந்தார். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. மரம் வெட்டுவது என்று அவர் சொல்வது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை. 'மழ. மரம் வெட்டல. நல்லா தூங்கினேன்.' அடுத்த பக்கம், 'பெரியவன் போன் பண்ணல.' மறுநாள், 'பண்ணல.' அதற்கு மறுநாளும் 'பண்ணல.' அப்புறம் ஒரு நாள்: 'பண்ணான். கோவமா பேசிட்டேன். பாவம்.'

புதிதாக வருபவர்களுக்கு முதலில் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். அண்ணனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

எழுதினால் மனசு லேசாகும் என்பதற்கு ஆதாரம் உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

உண்டு. ஆனால் யூடியூபில் சொல்கிற அளவுக்கு இல்லை.

இந்த ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று 1986-இல் வந்த ஒரு கட்டுரையைச் சொல்வார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு பேர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண விஷயங்களைக் கொடுத்தார்கள். மற்றவர்களை, வாழ்க்கையில் தங்களுக்கு விழுந்த பெரிய அடியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதிலும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதி முடித்த கையோடு கேட்டபோது மட்டும் அவர்களுக்கு மனசு முன்பைவிடக் கனமாகத்தான் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கீழே இதற்குத் திரும்ப வருகிறேன்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள். 2006-இல் ஜோவான் ஃப்ரட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சராசரியில் அது சின்னப் பலன்தான் என்று தெரிந்தது. ஆகவே யாராவது டைரி எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும் என்றால் நம்ப வேண்டாம். செலவு இல்லாத சின்னப் பலன் என்றால் நான் எடுத்துக்கொள்வேன்.

ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள். எனக்குப் பிடித்தது பெயர் வைப்பது. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் கோப முகம், பயந்த முகம் உள்ள படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது, மூளையில் ஆபத்தைக் கண்டு துடிக்கும் அமிக்டாலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. நாம் எல்லாவற்றுக்கும் 'ஒரு மாதிரியா இருக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எந்த மாதிரி? பயமா, பொறாமையா, அவமானமா, அல்லது மத்தியானம் சாப்பிடாததாலா? எழுதும்போது அந்த 'மாதிரி'க்கு ஒரு பெயர் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

தினமும் எழுத வேண்டுமா? எவ்வளவு நேரம்?

வேண்டாம். மேலே சொன்ன ஆய்வில் மொத்தமே நான்கு நாள்தான். மனசு அடைத்த நேரத்தில் மூன்று நான்கு நாள், 15 நிமிடம், சில சமயம் 20. அப்புறம் விட்டுவிடலாம். புத்தாண்டுக்குப் பெரிய டைரி வாங்கி, தைப்பூசம் வரை எழுதி, மார்ச்சில் குற்ற உணர்ச்சியோடு மூடி வைப்பதுதான் நம் வழக்கம். அந்தக் குற்ற உணர்ச்சி தேவையே இல்லாத கூடுதல் சுமை.

எப்போது எழுதுவது? நாலரைக்கு எழுந்தால்தான் ஈப்போ பஸ் பிடிக்க முடியும்.

அப்படியானால் இரவு, படுப்பதற்கு முன்னால் 5 நிமிடம். அதுவும் உணர்ச்சி எல்லாம் வேண்டாம், பட்டியல் போதும். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் பாதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். பாதிப் பேர் முடித்துவிட்ட வேலைகளை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

எங்கள் கூட்டத்தில் ஷிஃப்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பட்டியல் இது, அவள் சொல்லித்தான் போடுகிறேன்: 'கேஸ் தோங் சொல்லணும். சின்னவன் ஸ்கூல் காசு 12 வெள்ளி. அத்தைக்கு கிளினிக் செவ்வாக்கிழம. மோட்டார் ரோட்டேக்ஸ். அவர்கிட்ட காசு விஷயம் கேக்கணும்.' கேஸ் தோங் என்றால் கேஸ் சிலிண்டர். முதல் நான்கும் வேலை. ஐந்தாவதுதான் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. எழுதும் வரை தனக்கே தெரியவில்லை என்றாள்.

எனக்குத் தமிழ் சரியாக எழுத வராது. பிழை வருமே, அக்கா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் கோபம் வருவதும் இதில்தான். கேட்பவர் மேல் இல்லை. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். தமிழ் எழுத்து என்றாலே பலருக்கு நினைவில் நிற்பது கட்டுரை நோட்டும் அதன்மேல் சிவப்பு மையும்தான். றகரம் ரகரம் தப்பிப் போய்விடுமோ என்ற பயத்தில், நாற்பது வயதில், தன் சொந்தத் துக்கத்தைக்கூட எழுதத் தயங்குகிறார்கள்.

உங்கள் நோட்டை யாரும் திருத்தப் போவதில்லை. பேசுகிற மாதிரி எழுதுங்கள். மலாய் கலந்தால் கலக்கட்டும். ஒரு தம்பி எழுதியது: 'இன்னிக்கி பாஸ் எல்லார் முன்னாடியும் மாராஹ் பண்ணாரு. நான் டியாம். அப்புறம் டாய்லெட்ல போய் நின்னேன். மாலு.' மாராஹ் என்றால் ஏச்சு, டியாம் என்றால் வாய் மூடி இருப்பது. மாலு என்பதை எப்படித் தமிழில் சொல்வது என்று அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். வெட்கம் என்றால் குறைகிறது, அவமானம் என்றால் அதிகமாகிறது. அவனுக்கு வந்த சொல் மாலுதான். அதை மாற்றினால் பொய்யாகிவிடும்.

தமிழ், மலாய் இரண்டுமே எழுத வராதவர்கள்? தோட்டத்தில் வளர்ந்த எங்கள் பாட்டிமார் பலர் அப்படித்தான். கைப்பேசியில் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசுங்கள். 2006-இல் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்ததில், கஷ்டமான அனுபவத்தை எழுதியவர்களுக்கும் ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசியவர்களுக்கும் பலன் இருந்தது. மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இல்லை. சந்தோஷமான அனுபவத்தில் கதை வேறு: அதை அலசி எழுதாமல், சும்மா நினைத்துப் பார்த்து ரசித்தவர்களே நன்றாக இருந்தார்கள். ஆகவே மகள் கல்யாணத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டாம்.

யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. இரண்டு அறை வீடு, ஏழு பேர், பூட்டு உள்ள ஒரே பெட்டியின் சாவி மாமியாரிடம். இங்கே 'உங்களுக்கென்று ஓர் அமைதியான மூலையைத் தேர்ந்தெடுங்கள்' என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பதினாறு வயதில் என் டைரியை என் தம்பி கண்டுபிடித்து, தீபாவளிக்கு முதல் நாள், பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படித்தான். அதில் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பையன் ஒருவனைப் பற்றி நாலு வரி இருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் செக்ரோலைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதுவதுதான் மருந்து, வைத்திருப்பது இல்லை. தாளை வைத்திருக்கத் தேவையில்லை.

நாள்காட்டியில் தினம் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் இல்லையா, அதில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கிழித்து, பாத்திரம் கழுவும் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பிசைந்தால் கூழாகிவிடும். மைப்பேனா எழுத்து கரையும். பால்பாயின்ட்டும் பென்சிலும் கரையாது, ஆனால் தாள் கூழானால் யார் படிப்பது? எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இதை வருஷக்கணக்காகச் செய்கிறார். வீட்டில் யாருக்கும் அவர் எழுதுவதே தெரியாது.

555 புத்தகம் இதற்கு இன்னொரு நல்ல வழி. அதைப் பார்த்தால் எல்லாரும் கடன் கணக்கு என்றுதான் நினைப்பார்கள். கடன் கணக்கை யார் ஆசையாகத் திறந்து பார்ப்பார்கள்?

வீட்டில் அடி உதை இருந்தால் மட்டும் வேறு பேச்சு. அடிப்பவர் படித்தால் ஆபத்து என்றால் வீட்டில் எதையும் வைக்காதீர்கள். கைப்பேசியை அவர் பார்ப்பார் என்றால் அதிலும் வேண்டாம். 15999, தாலியான் காசே, அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி. முதலில் அது, அப்புறம் எழுத்து.

எழுதினால் அழுகை வருகிறது. முன்பைவிட மோசமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

எழுதிய அன்றைக்கு மனசு கனப்பது வழக்கம். மேலே சொன்ன மாணவர்களுக்கும் அப்படித்தான். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தணிந்தால் பயமில்லை. அதனால்தான் வேலைக்குக் கிளம்பும் முன்னாலோ, பிள்ளைகளுக்குச் சோறு போடும் முன்னாலோ எழுத வேண்டாம் என்கிறேன். எழுதிவிட்டு முகம் கழுவி, ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்து, பத்து நிமிடம் வாசலில் உட்கார நேரம் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை எழுதத் தொடங்கும்போதே உடம்பு நடுங்கினால், இது என்னை உடைத்துவிடும் என்று தோன்றினால், அதை எழுதாதீர்கள். வேறு எதையாவது எழுதுங்கள். இது கோழைத்தனம் இல்லை; பென்னிபேக்கரும் இதைத்தான் சொல்கிறார். அதே மாதிரி, சாவு நடந்த வீட்டில் கருமாதிக்கு முன்னால் நோட்டைத் திறக்க வேண்டாம். சில வாரம் போகட்டும். அந்த நாள்களில் தேவை சொந்தக்காரர்களும் தூக்கமும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மூன்று வாரமாக ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களா? 'ஏன் எனக்கு மட்டும்? ஏன் அவர் அப்படிச் செய்தார்?' இது எழுத்து இல்லை, செக்குமாடு சுற்றுவது. 2013-இல் டேவிட் ஸ்பாரா குழுவினர் கணவன் மனைவி பிரிந்தவர்களை ஆராய்ந்தார்கள். இப்படி அர்த்தம் தேடித் தேடி மனசைக் கிளறும் சுபாவம் உள்ளவர்களுக்கு, உணர்ச்சியைக் கொட்டி எழுதியது நல்லதைவிடக் கெடுதலே செய்தது. அன்றாட வேலைகளைச் சும்மா எழுதியவர்கள் அவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அம்மா பாணிதான்: 'மழ. மரம் வெட்டல.' போதும்.

அல்லது 'நான்' என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014-இல் காட்டியது: தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசிக்கொண்டவர்கள், மேடையில் பேச வேண்டிய பதற்றத்தை 'நான் நான்' என்று பேசிக்கொண்டவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். எனக்கு இது முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது என்னை நானே 'அந்தக் கிராணியம்மா' என்று எழுதுகிறேன். அந்தக் கிராணியம்மாவிடம் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வருகிறது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? பைத்தியம் என்று சொல்லிவிட மாட்டார்களா?

இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நோட்டு போதாது. செத்துப் போகலாம் என்று நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

நமக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பயம் இருக்கிறது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை மிரட்டக்கூட அந்த ஊர்ப் பெயர்தான். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது பஹாகியா என்று பெயர். மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். ஆனால் மனசு சரியில்லை என்றால் நேரே அங்கே கொண்டு போவதில்லை. பக்கத்தில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், காய்ச்சலுக்குச் சொல்வது மாதிரி சொன்னால் போதும். குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். உங்கள் நோட்டில் உள்ள பட்டியல் இங்கே உதவும்: எத்தனை நாள் தூங்கவில்லை, எப்போதிலிருந்து. டாக்டர் முன்னால் வாய் அடைத்துப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

தொலைபேசியில் பேச வேண்டும் என்றால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும். போலீஸ் வருமோ என்று பயந்து பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. பேசலாம்.

உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. என்ன எழுதுவது?

உணர்ச்சியைத் தேடாதீர்கள், இடத்தை எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் எப்போதும் கைகொடுப்பது இதுதான்: நீங்கள் பிறந்த லயத்தை ஒரு தாளில் வரையுங்கள். எத்தனை வீடு, குழாயடி எங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எங்கே, கோயில் எந்தப் பக்கம், பிரட்டுக்களம் எவ்வளவு தூரம். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார் என்று பெயர் போடுங்கள்.

முதல் தடவை இதைச் செய்தபோது பின்னறையில் அப்படி ஒரு சத்தம். எட்டாம் நம்பர் வீட்டில் இருந்தது யார் என்று இரண்டு பேருக்குச் சண்டை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அறுபது வயது அண்ணன் ஒருவர் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன அண்ணே என்று கேட்டேன். 'இங்கதான் எங்கப்பா காண்டாவாளிய கழுவுவாரு. பால் வாசம் போகவே போகாது. பள்ளிக்கூடத்துல என்னை ஒட்டுப்பாலுன்னு கூப்பிடுவானுங்க. எனக்கு அவர் பக்கத்துல நிக்க வெக்கமா இருக்கும்.' காண்டாவாளி ரப்பர் பால் சுமக்கும் வாளி, ஒட்டுப்பால் மரத்தில் காய்ந்து ஒட்டிய பால். இப்போது அந்த இடத்தில் செம்பனை. அவர் அப்பாவும் இல்லை. அன்று அவர் எழுதியது மூன்று வரிதான், நான் படிக்கவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்பு வந்ததில், இங்கே பலருக்கும் சொல்லி அழாத துக்கம் ஒன்று இருக்கிறது. ஆள் செத்தால் ஒப்பாரி வைக்கலாம். இடம் செத்தால் என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வரைபடம் அதற்கு ஒரு வழி.

நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதச் சொல்கிறார்களே, அது?

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூட்டம் பத்து வாரம், வாரம் ஒருமுறை நன்றிக்குரியதை எழுதியது. இன்னொரு கூட்டம் தொல்லைகளை எழுதியது. நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். அது உண்மைதான். ஆனால் இரண்டு மாதச் சம்பளம் தராமல் இழுத்தடிக்கும் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் 'முதலில் நன்றி எழுதும்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முதலில் அந்த இரண்டு மாதத்தை எழுதட்டும். தேதி, நாள், தொகை, அவர் என்ன சொன்னார். அந்தப் பக்கம் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கவும் பயன்படும். கோபம் தீர்ந்த பிறகு நன்றி தானாக வந்தால் வரட்டும்.

ஆம்பிளைகளும் எழுதுவார்களா?

எழுதுகிறார்கள். ஒத்துக்கொள்வதில்லை. லோரி ஓட்டும் ஒருவர் டீசல் கணக்கு நோட்டில் ஓரமாக எழுதுகிறார். 'சும்மா கணக்கு' என்பார்.

பிள்ளையின் டைரியை நான் படிக்கலாமா? கவலையாக இருக்கிறதே.

படிக்காதீர்கள். என் தம்பி கதையை மேலே படித்தீர்கள் அல்லவா. கையில் வெட்டுக் காயம், சாகப் போகிறேன் என்ற பேச்சு, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும், ஒளிந்து படிப்பதைவிட நேராக உட்கார்ந்து கேளுங்கள். மேலே சொன்ன எண்கள் பிள்ளைகளுக்கும்தான்.

கைப்பேசியா, தாளா?

எது கையில் இருக்கிறதோ அது. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி தவறுதலாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். ஆகவே என் ஓட்டு தாளுக்கு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் இல்லையா?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை, தன் கடைசிக் காலம் வரைக்கும், தமிழில் தினப்படி எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, கவர்னர் துரை என்ன சொன்னார், தனக்கு என்ன மனக்குறை, எல்லாம் உண்டு. எழுதத் தெரியாத நம் பாட்டிகள் ஒப்பாரியிலும், தாலாட்டிலும், வரிசையாகக் குந்திக் களை பிடுங்கும்போது பாடிய பாட்டிலும் மாமியாரைக்கூட விட்டு வைக்கவில்லை. பழக்கம் நம்முடையதுதான். நோட்டு மட்டும் கடையில் வாங்கியது.

எழுதி முடித்த பழைய நோட்டுகளை என்ன செய்வது?

உங்கள் இஷ்டம். சிலர் திரும்பிப் படிக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் எதற்காக அழுதோம் என்று பார்க்கும்போது ஆறுதலாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத் திரும்பிப் படிக்கப் பிடிக்காது. அம்மாவின் 555 புத்தகத்தை பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். என் நோட்டுகளை வருஷா வருஷம் போகியன்று பழைய பாயோடு சேர்த்து ஒழித்துவிடுவேன். போன போகிக்கு என் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். 'ஒண்ணாவது வைம்மா' என்றாள். ஒன்றை வைத்திருக்கிறேன். எங்கே என்று அவளிடம் சொல்லவில்லை.